இரண்டு திட்டு விழுந்தால்தான் சித்தியின் மெஷின் ஓடும்

அன்பும், அதற்கு ஒரு படி மேலே பயமும் கொண்ட சித்திக்கு, அக்கா வீட்டுப் பெண் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் நலத்தை நேரில் வந்து விசாரிப்பதுதான் முறை. ஆனால் நான் கடை வாசலில் தலையைக் காட்டினாலே கத்திரிக்கோலை மேசைமேல் ஓங்கி வைக்கிறீர்கள். அதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. சாதாரண நாளிலேயே வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரே தெருவில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையைப் பற்றி இணையத்தில் போட்ட அந்தப் பதிவை நான் நீக்கப் போவதில்லை. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் நீங்கள் எனக்குச் சித்தியே இல்லை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ஏன் எடுக்க முடியாது என்பதைத் தயவுசெய்து படியுங்கள். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எங்கள் எம்.ஏ. வகுப்புப் பொருளியல் மேடம் இந்தப் பருவத்தில் கட்டுரை நோட்டையே ஒழித்துவிட்டார். அவரவர் இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கி, வாரம் ஒரு பதிவு எழுத வேண்டும். "புத்தகத்துல இருக்கறத எனக்கே திருப்பி எழுதாதீங்க. உங்க தெருவுல யாருக்கு எது முதல்ல கிடைக்குது, யார் காத்துக்கிடக்கறாங்க, ஏன்? அதப் பாத்து எழுதுங்க" என்றார். வகுப்பில் பேசுவதற்கு இருபத்தைந்து மதிப்பெண். வலைப்பூவில் சிறந்த ஒரு பதிவுக்கு இருபத்தைந்து. இரண்டும் சேர்ந்து இருபத்தைந்தாவது வந்தால்தான் தேர்வு எழுத உட்கார விடுவார்கள். பேசுவதில் நான் வாங்கியிருப்பது முட்டை. மேடம் என் பக்கம் திரும்பினாலே என் பேனா தானாகக் கீழே விழும், நான் அதைத் தேடக் குனிந்தால் மணி அடித்த பிறகுதான் நிமிர்வேன். ஆகவே வலைப்பூவில் முழுசாக வாங்கியாக வேண்டும். போட்ட பதிவை நீக்கினால் பூஜ்யம். தப்பு இருந்தால் அடியில் திருத்தம் சேர்க்கலாம், அவ்வளவுதான். "பொதுவுல சொன்ன வார்த்தைய முழுங்கக் கூடாது" என்பது மேடத்தின் சட்டம்.

முதல் மூன்று பதிவுகளை மேடமும் அப்பாவும் மட்டும்தான் படித்தார்கள். பேருந்தில் ஜன்னல் சீட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று நான் இரண்டு பக்கம் ஆராய்ந்து எழுதியதற்கு, அப்பா அடியில் "நன்று. வரும்போது பால் வாங்கி வா" என்று கருத்து போட்டிருந்தார். மேடம் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்த வெட்கத்தில்தான் சித்தி, நான் உங்கள் கடையை எழுதினேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லையே. பத்து வருடமாகப் பள்ளிக்கூடம் விட்டும் கல்லூரி விட்டும் உங்கள் கடை மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்தவள் நான். யார் துணி கொடுத்தாலும் "செவ்வாக்கெழம வாங்க" என்பீர்கள். துணி மூட்டைக்குள் போகும். செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்து ஒரு திட்டு திட்டுவார்கள். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு "அடுத்த செவ்வா" என்பீர்கள். அடுத்த செவ்வாயும் வந்து திட்டுவார்கள். இரண்டாவது திட்டு முடிந்து அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் துணி மெஷினில் ஏறியிருக்கும். திட்டத் தெரியாதவர் துணி மூட்டையிலேயே தூங்கும். இதைத்தான் நான் எழுதினேன்: கை இரண்டு, வாடிக்கையாளர் முப்பது பேர், உண்மையில் அவசரம் யாருக்கு என்று தையற்காரிக்கு எப்படித் தெரியும்? எவர் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு முறை வந்து தொண்டை வறளத் திட்டுகிறாரோ அவருக்குத்தான் அவசரம். திட்டும் ஒரு விலையே. மேடம் அந்த வரியை வகுப்பில் உரக்கப் படித்தார். நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதை வங்கிக்கார அக்கா படிப்பார், படித்ததோடு விடாமல் தன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார் என்று நான் கனவா கண்டேன்? திங்கட்கிழமை அவர் துணியோடு வந்து, "இந்தாங்க. எனக்கு லீவு கெடைக்காது, ரெண்டு திட்டையும் இப்பவே திட்டிட்டுப் போயிடறேன்" என்று மூச்சு விடாமல் இரண்டையும் திட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே டாட்டா காட்டிப் போனார். நீங்களும் திகைத்துப்போய்த் துணியை மெஷினில் ஏற்றிவிட்டீர்கள். அதைப் பார்த்த அடுத்த அம்மா "அவங்க ரெண்டா? அப்ப நான் நாலு" என்று ஆரம்பித்தார். நர்சம்மா ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு திட்டைச் சீட்டுல எழுதித் துணியோட ஊசி குத்திட்டுப் போயிட்டாங்க. லாரிக்காரர் சம்சாரம் மாமியாரையே கூட்டிட்டு வந்து, "எனக்குத் திட்ட வராதுக்கா, இவங்க நல்லாத் திட்டுவாங்க"ன்னு முன்னால நிறுத்தினாங்க. அந்தப் பெரியம்மாவும் சும்மா சொல்லக் கூடாது, கடைப் பலகை வரைக்கும் விடாம திட்டிட்டு, "போதுமா, இன்னும் வேணுமா?"ன்னு மரியாதையா கேட்டாங்க. இப்ப கடையில ஒரு திட்டுக்கும் மதிப்பில்லாம போச்சு. எல்லாரும் முதல்ல, யாரும் ரெண்டாவது இல்ல. மேடம் இதைக் கேள்விப்பட்டு "அருமையான தொடர்ச்சி, எழுதும்மா" என்கிறார். நான் எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி உண்டு.

நீங்கள் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்டி, இப்படி ஊரையே கூட்டிருச்சே!" என்றீர்கள். அம்மா, "எழுதப் படிக்க அனுப்புனா எழுதத்தானே செய்யும்?" என்றார். என் பட்டமளிப்பு அங்கி தொளதொளவென்று இருக்கிறதென்று, வாடகை அங்கி என்றும் பார்க்காமல் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, "எங்க குடும்பத்துல மொத பட்டதாரி"ன்னு தெரு முழுக்கச் சொன்னது நீங்கதானே சித்தி? அந்தப் பட்டதாரி கண்ணால் பார்த்ததை எழுதிவிட்டுப் பிறகு பயந்து அழித்தால், அந்தப் பட்டத்தை எதற்கு வாங்கினேன்? என் ஆய்வு சரி. அதிலிருந்து நான் இம்மியும் நகர மாட்டேன். கோபம் தீரும் வரை தினமும் வந்து வாசலில் நிற்பேன். பதிவு மட்டும் நிற்கும் இடத்திலேயே நிற்கும்.

உங்கள் தோள் வலி குறையவும், மெஷின் பெல்ட் அறுந்துபோகாமல் இருக்கவும், என்னை மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டி, உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
சொன்ன பேச்சுக் கேட்காத மகள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அம்மா உங்கள் கடையிலிருந்து வந்தார். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார்: "அவ எழுதினதே தப்புன்னு சொல்லு. அளவெடுக்க டேப்பக் கையில எடுத்தா எவளாவது மூச்ச வெளிய விடறாளா? எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்கறாங்க. ஆம்பளைங்க நெஞ்ச வேற தூக்கிக்கறாங்க. கோவமா திட்ட வரும்போதுதான் ஒடம்பு உள்ளபடி நிக்கும். மொத திட்டுல வயித்தப் பாப்பேன், ரெண்டாவதுல தோளப் பாப்பேன், அப்புறம்தான் துணியில கத்திரி வெப்பேன். இப்ப சிரிச்சுக்கிட்டே திட்டறாளுக. பொய்க் கோவத்துல வயிறு எறங்குமாடி? பதினோரு துணி இறுக்கம்னு திரும்பி வந்துருக்கு!"

மேலே நான் எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள் சித்தி. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாயைத்தான் பார்த்திருக்கிறேன், நீங்கள் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்கள். உண்மைக் காரணத்தை எழுதினால் திட்ட வரும்போதும் வயிற்றை இழுத்துக்கொண்டு வருவார்கள். ஆகவே பதிவின் அடியில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்: "துணி கொடுக்கும் நாளில் திட்டும் திட்டு செல்லாது. வேறு வேறு நாளில், நேரில் வந்து, மனதாரத் திட்ட வேண்டும். நான் முன்பு சொன்ன காரணம் தவறு. சரியான காரணத்தைச் சொல்வதற்கில்லை."

ஒரு மணி நேரத்தில் மேடம் மதிப்பெண் போட்டுவிட்டார். இருபத்திரண்டு. "காரணம் விளக்கப்படவில்லை, மூன்று குறைவு." குறைத்துக்கொள்ளட்டும். அந்த மூன்றை வகுப்பில் பேசி வாங்கிக்கொள்கிறேன். நாளைக் காலை முதல் மணியிலேயே கை தூக்கப் போகிறேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவேன் சித்தி, வயிற்றைப் பற்றி மட்டும் பேசமாட்டேன்.