வாக்குமூலம் வந்தால்தான் ஸ்க்ரூ கழலும்

ஆரணியில் பொய் சொல்லி லேப்டாப் ஸ்க்ரீன் மாற்றிக்கொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தைப் பொய்யாகச் சொன்னவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஜாமீனுக்காகக் கோர்ட்டில் கண்ணீரோடு பொய் சொன்னவரையும் எனக்குத் தெரியும். ஆனால் உடைந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து பொய் சொல்லித் தப்பித்த ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அதற்கு ஒரே காரணம், நாங்கள் எல்லோரும் 'வாக்குமூலம்' என்று கூப்பிடுகிற அந்த மனுஷர்.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியாது. பட்டப்பெயரில் அவருக்கு வருத்தமும் இல்லை. போனை எடுத்ததும், "ஹலோ, வாக்குமூலம் பேசறேன்" என்பார். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் ஸ்டேஷனுக்குப் போன் போய்விட்டது என்று பயந்து கட் செய்துவிடுவார்கள்.

கடை கிடையாது. வீட்டுக்கு வந்துதான் வேலை. ஏன் என்று கேட்டால், "கடைக்கு எடுத்துகினு வந்தா மெஷின் மட்டுந்தான் வரும். உடைச்ச ஆளு வர மாட்டான்" என்பார்.

பழைய மொபெட்டில் வருவார். புது ஸ்க்ரீனைப் பட்டுப்புடவை வைக்கிற அட்டைப்பெட்டியில் வைத்து, கிழிந்த துணியைச் சுற்றிலும் அடைத்துக் கொண்டுவருவார். எங்கள் ஊரில் அந்த அளவில் அந்தப் பெட்டிதான் மலிந்து கிடக்கிறது. அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, "இன்னா விசேஷம், புடவை வருது?" என்று விசாரிப்பார். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். கீழடுக்கில் ஸ்க்ரூ டிரைவர்கள், நடுவடுக்கில் ஸ்க்ரூக்கள், மேலடுக்கில் எலுமிச்சை சாதம். ஒரு தடவை அடுக்கு மாறி, சாதத்தில் இரண்டு ஸ்க்ரூ கடிபட்டுவிட்டதாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்து, "சரியா இருக்குது" என்று துடைத்து மாட்டிவிட்டாராம்.

உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஜன்னலிடம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வேண்டுமாம். விவரம் தெரியாத வீடுகளில் அவர் பின்னாலேயே நின்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. பிறகு ஃபேனை அணைக்கச் சொல்வார். சின்ன ஸ்க்ரூ பறந்துவிடுமாம். வெள்ளை வேட்டியைத் தரையில் விரிப்பார். லேப்டாப்பை நடுவில் வைப்பார். வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் சுற்றி உட்காரச் சொல்வார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டே வார்த்தை கேட்பார்.

"யாரு? எப்படி?"

பதில் வரும் வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு வீட்டில், "கீழ விழுந்துடுச்சு" என்று சொன்னதை நம்பிப் புது ஸ்க்ரீனை மாட்டினார். பட்டனை அமுக்கியதும் புகை. விழுந்தது லேப்டாப் இல்லை, லேப்டாப்பின் மேல் ரசம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த விசாரணை.

களம்பூரில் ஒரு ரைஸ் மில் ஓனர், பெரிய மீசை. "தானா உடைஞ்சிச்சுப்பா" என்றார். வாக்குமூலம் வேட்டியை மடித்தார். "தானா உடைஞ்சது தானா சேந்துக்கும் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு மொபெட் ரிப்பேர், பஸ்ஸில் வந்திருந்தார். பஸ் நகருகிற நேரத்தில் மில் ஓனர் புல்லட்டில் துரத்திவந்து ஜன்னலுக்கு நேராக ஓட்டிக்கொண்டே, "சம்சாரம் சீரியல் பாத்துகினு சோறு போடல, ரிமோட்டை வீசினேன், அவ குனிஞ்சிட்டா!" என்று கத்தினார். மொத்த பஸ்ஸும் கேட்டது. "இத வீட்லயே சொல்லி இருந்தா இந்நேரம் முடிஞ்சி இருக்குமே. இன்னா பேஜார் சார் இது" என்று வாக்குமூலம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார்.

முள்ளிப்பட்டில் இதற்கு நேர்மாறு. மருமகள், "நான்தாங்க" என்றாள். அவளைக் காப்பாற்ற மாமியார், "இல்ல, நான்" என்றார். இரண்டு பேரையும் காப்பாற்ற மகன், "நான்" என்றான். வாக்குமூலம், "மூணு பேரு சேந்து உடைச்ச லேப்டாப்பை நான் பாத்ததே இல்ல. பேசி ஒரு ஆளை முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எலுமிச்சை சாதத்தைத் திறந்தார். நாலு வாய் சாப்பிட்டதும் மூக்கைச் சுளித்தார். லேப்டாப்பை எடுத்து முகர்ந்தார். "தைலம் வாசனை வருதே. வீட்ல யாருக்கு முட்டி வலி?" மூலையில் தூங்குவது போலப் படுத்திருந்த தாத்தா, போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் நானும் டீக்கடையில் சொல்லிச் சிரித்தவன்தான். என் வீட்டுக்கு அவர் வரும் வரை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தறியிலிருந்து இறங்கிய பட்டுப்புடவைகளைப் பிரித்துப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, மடித்துக் கொடுப்பது என் தொழில். கவலைப்படுவது அதற்கு மேல் நான் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. லேப்டாப் பேட்டரி உப்பி வெடிக்கும் என்று எவரோ சொன்ன நாளிலிருந்து, என் மகள் பவித்ரா சார்ஜ் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனால் நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி மூடி வைத்துவிடுவேன்.

பவித்ரா செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறி, கால் வீங்கித் திரும்பி வருவாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு இன்டர்வியூ. போனில் பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். கம்ப்யூட்டரில் முகம் காட்டி, அவர்கள் பார்க்கப் பார்க்க டைப் அடித்துக் காட்ட வேண்டுமாம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை. மேஜை முழுக்க ஒரு கல்யாணப் புடவையை விரித்து வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் கத்தரிக்கோலைப் பட்டின் மேல் வைக்கவே கூடாது. முனை பட்டு ஒரு இழை இழுத்தால் புடவை போச்சு. முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே வேறு இடம் தேடும். பக்கத்தில் இருந்த லேப்டாப்பில் எழுத்துகள் இருக்கிற இடம் சமமாக, அழகாக இருந்தது. அதில் வைத்தேன். புடவையை மடித்து முடித்தேன். திரும்பிப் பார்த்தால் சார்ஜர் லைட் எரிகிறது. பேட்டரி! ஓடினேன், ஒயரைப் பிடுங்கினேன், மூடியை ஒரே அமுக்காக அமுக்கினேன்.

அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

திறந்து பார்த்தேன். எழுத்துகளின் மேல் என் கத்தரிக்கோல்; ஸ்க்ரீனில் மை கொட்டிய மாதிரி ஒரு கறுப்பு. அதிலிருந்து பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கோடு கோடாக இறங்கியது. புடவையாக இருந்தால் பார்டர் நன்றாக இருக்கிறது என்றிருப்பேன். மூடி, அவள் பையிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் அவள் தலைவலி என்று படுத்துவிட்டாள். மறுநாள், நேரம் கிடைத்தால் டைப் அடித்துப் பழகலாம் என்று அந்தப் பையோடு வேலைக்குப் போய், நேரம் கிடைக்காமல் திரும்பி வந்து திறந்தவள் அலறினாள்.

"ப்பா! பஸ்ஸு குலுக்கினதுல போயிடுச்சுப்பா!"

"ஆமாம்மா, அந்த ரோடு அப்படி" என்றேன். என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் பஸ் டிரைவரைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். மனசு கேட்காமல் அன்றைக்குத் திரும்பி வரும்போது ஒவ்வொரு பள்ளத்தையும் கும்பிட்டு இறக்குவது போல ஓட்டி, பஸ் முக்கால் மணி நேரம் லேட். பஜாரில் விசாரித்த கடைகளில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். "வாக்குமூலத்தைக் கூப்பிடலாம்" என்றாள் என் மனைவி. நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். ஜன்னல் கம்பி, ஃபேன், வேட்டி, தண்ணீர். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

"யாரு? எப்படி?"

"கம்பெனி பஸ்ஸுங்க அண்ணா. குலுக்கிச்சு" என்றாள் பவித்ரா.

அவர் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பஸ்ஸு குலுக்கினா மூலையில அடிபடும். இது நட்ட நடுவுல, பக்கத்துல பக்கத்துல ரெண்டு எடம். பஸ்ஸுக்கு இவ்ளோ குறி பாத்து அடிக்கத் தெரியாதும்மா."

என் கத்தரிக்கோலின் இரண்டு வளையங்களும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"சரி, நீ பஸ்ஸுன்னு சொன்னா பஸ்ஸுதான்" என்றார். "அப்போ கேபிள், கீலு எல்லாம் சந்தேகம். மேல்மூடி மொத்தமா மாத்தணும். மெட்ராஸ்லேர்ந்து வரணும். வியாழக்கிழமை ஆவும்."

"ஐயோ, நாளைக்குப் பத்தரைக்கு இன்டர்வியூ அண்ணா!" பவித்ராவின் கண் நிறைந்துவிட்டது.

"நடுவுல ஏதோ வச்சி அமுக்கிதான் உடைஞ்சிதுன்னு யாராச்சும் சொன்னாங்கன்னா, ஸ்க்ரீன் மட்டும் மாத்தினா போதும். இதோ பெட்டியில இருக்குது. ஜல்தியா முடிஞ்சிடும்." சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் புடவைப் பெட்டியையே பார்த்தார்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏன் சார், உங்களுக்கு இப்டி வேர்க்குது?"

"ஃபேன் இல்லல்ல... அதான்."

"எனக்கு வேர்க்கலியே."

பவித்ராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, உடைந்த கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க" என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

"இன்னாது?" என்றாள் என் மனைவி.

அணை உடைந்துவிட்டது. பேட்டரி, கல்யாணப் புடவை, கத்தரிக்கோல், அப்பளச் சத்தம், எல்லாவற்றையும் கொட்டினேன். நிறுத்தத் தெரியவில்லை. போன தீபாவளிக்கு மிக்ஸி மூடியை உடைத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்ததும், பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துப் போய் மணியைத் தொலைத்ததும்கூட வந்துவிட்டது.

வாக்குமூலம் கையைக் காட்டினார். "மிக்ஸி நம்ம டிபார்ட்மென்ட் இல்ல சார். லேப்டாப்போட நிறுத்திக்குங்க."

"ப்பா! அந்த டிரைவர் அண்ணனை பஸ்ஸு மொத்தமும் பாக்க வச்சித் திட்டிட்டேன்ப்பா!"

"ஏங்க, ஒரு கத்தரிக்கோலை வைக்க இந்த வீட்ல வேற எடமே இல்லியா?" என்றாள் மனைவி.

"பட்டு மேல வைக்கக் கூடாதுடி..."

"பொண்ணு வேலை மேல வைக்கலாமா?"

வாக்குமூலம் டிபன் கேரியரைத் திறந்தார். "வந்துடுச்சு" என்றார். சாப்பாட்டு வேளை வந்துவிட்டதைச் சொன்னாரா, உண்மை வந்துவிட்டதைச் சொன்னாரா, தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டார், அது போதும்.

முதலில் பேட்டரியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "புடிங்க சார், வெடிக்காது" என்றார். கைக்குழந்தையைப் போல வைத்துக்கொண்டேன். ஸ்க்ரீனைச் சுற்றி இருக்கிற பிளாஸ்டிக் சட்டத்தை நெம்புவதற்குப் பையிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் நாக்கு வழிப்பானை எடுத்தார். இரும்பு என்றால் கீறிவிடுமாம். டக், டக், டக் என்று சட்டம் கழன்று வந்தது. காகிதத்தில் லேப்டாப்பைப் படமாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டினார். உடைந்த ஸ்க்ரீனை முன்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகில் ஒட்டியிருந்த கேபிளை மெதுவாக உருவினார். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு.

"ஆடுறது வெளிச்சமா, நானா சார்?"

"நான்தாங்க."

"பாத்தீங்களா, பழகிடுச்சு."

அதற்குத்தான் பவித்ரா சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக.

புது ஸ்க்ரீனில் கேபிளைச் செருகி, பேட்டரியை மாட்டி, பட்டனை அமுக்கினார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. நான் புகை வருகிறதா என்று பார்த்தேன். வெளிச்சம்தான் வந்தது. சட்டத்தை அமுக்கிப் பொருத்திவிட்டு, ஸ்க்ரீன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தின் மூலையை மட்டும் நெம்பி என் பக்கம் திருப்பினார்.

"உடைச்ச கைதான் உரிக்கணும்."

புதுப் புடவையின் முதல் மடிப்பைப் பிரிக்கிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன்.

மொபெட் வரைக்கும் கூடவே போனேன். "பஸ்ஸு இல்லன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"வாசல்லயே. ஸ்க்ரீனை விட மோசமா எந்த முகம் இருக்குதோ, அவங்கதான்."

"அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?"

"எனக்குத் தெரிஞ்சி இன்னா சார் பிரயோஜனம்? நான் கிளம்பிடுவேன். நீங்க மூணு பேருந்தான் இங்க இருக்கப் போறீங்க" என்று மொபெட்டைக் கிளப்பிவிட்டார். நாக்கு வழிப்பானை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

பவித்ராவுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்டர்வியூ முடிகிற வரை நான் கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றிருந்தேன். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் டிரைவரிடமும் சொன்னேன். அவர், "பரவால்ல சார், அந்தப் பள்ளமும் நிஜமாவே பெரிய பள்ளந்தான்" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் டம்ளர் விழுந்தாலே, எந்த அறையில் இருந்தாலும் முதல் ஆளாக, "நான்தான்" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். பல தடவை நானே கிடையாது. மொபெட் சத்தம் கேட்டால் வெளியே வந்து, புடவைப் பெட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்கிறேன். அவரும் கையைத் தூக்குவார், நிற்காமல் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் எதுவும் உடைந்து எட்டு மாதம் ஆகிறது. அவரை உள்ளே கூப்பிட ஒரு காரணமும் இல்லாமல் போய்விடுமோ என்று கொஞ்ச நாளாக எனக்கு அதுதான் கவலை.