டிரெட்மில்லிலிருந்து இறங்கி விடைபெற்ற கதை

மாற்று இதயம் பொருத்திக்கொண்டவனுக்குத் திமிர் வரக் கூடாது. எனக்கு வந்தது. (அது ஆபரேஷனுக்கு முன்பே இருந்தது என்பாள் என் மனைவி சுமதி.)

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் லாவண்யா மேடம் சொல்வதைச் சுமதி கவனமாகக் கேட்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஆபீஸ் மெசேஜ் பார்ப்பேன். இனி வெளியிலும் நடக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் அபார்ட்மென்ட் ஜிம்முக்குத் தனியாகவே கிளம்பிவிட்டேன்.

டிரெட்மில்லில் நடக்கிறேன், வாட்சில் நாடித்துடிப்பு ஏறவே இல்லை. பக்கத்தில் ஓடிய ஐ.டி. இளைஞனுக்கு மூச்சு வாங்கியது. நமக்கு அமைந்தது பந்தயக் குதிரையின் இதயம் என்று முடிவுகட்டி வேகத்தைக் கூட்டினேன். பிறகு பட்டென்று நிறுத்திவிட்டு, ஜெயித்தவன் தோரணையில் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு அது ஓடியது. நான் சும்மா இருக்கிறேன், உள்ளே படபடவென்று அடித்துக்கொள்கிறது. உடம்பு இதயத்தை ஏற்க மறுத்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தேன். முகம் தெரியாத ஒரு குடும்பம் தன் துக்கத்துக்கு நடுவே கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

சுமதிக்குப் போன் செய்து விடைபெற்றேன். மகளை நன்றாகப் படிக்க வைக்கச் சொன்னேன். கடைசியாக, "நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்க சுமதி. எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"மயக்கமா வருதுங்களா? மூச்சு முட்டுதுங்களா?"

இல்லை என்றேன்.

"நிறுத்தறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் மெதுவா நடந்தீங்களா?"

அதுவும் இல்லை.

சுமதி வீட்டிலிருந்து இறங்கி வந்து, போனில் லாவண்யா மேடத்தைப் பிடித்துக் கொடுத்தாள். மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும், ரத்தத்தின் வழியாகத்தான் அதற்குச் சேதி போக வேண்டும். அதனால் தாமதமாக வேகமெடுக்கும், தாமதமாக அடங்கும் என்றார். வகுப்பில் இதைத்தான் ஓயாமல் சொன்னாராம். மெதுவாக நடக்க நடக்க, அடங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தும் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. திரும்பி வரும்போது கேப்பில் சுமதி என் கையை விடவே இல்லை.

ஆனால் நான் கொடுத்த அனுமதியையும் அவள் விடவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் போதும், "உங்கப்பா அன்னைக்குக் குடுத்த பர்மிஷன் இன்னும் செல்லுபடியாகுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வாள். இந்த ஊரிலேயே படித்து வளர்ந்த அவளும், 'ஆமாம்' என்பதற்கு இங்கே சொல்லும் 'ஹவ்' போட்டு, "ஹவ் டாடி, செல்லுமா?" என்பாள்.

நான் எழுந்து போய்த் துண்டைக் காயப்போட்டுவிடுவேன்.