பளீலின் வெறும் லொறி

பேராதனையைத் தாண்டியதும் பளீலின் லொறியை ஒரு சைக்கிள் முந்தியது. சற்று நேரத்தில் ஒரு மாட்டுவண்டியும் முந்தியது.

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "என்ன மொதலாளி, பொணமா ஏத்திப் போறீங்க?"

"புது டிப்ரன்சல்! மெதுவாத்தான் பழக்கணும்," என்று கத்தினார் பளீல்.

பின்சக்கர அச்சின் நடுவிலிருக்கும் அந்த இரும்புக் குண்டுக்குப் புதுப் பல்சக்கரங்கள் போடவென்று லொறியை மெக்கானிக் அம்புறோஸ் பாஸின் கண்டிப் பட்டறையில் விட்டிருந்தார். "வெள்ளிக்கிழமை வந்து எடுங்க நானா. மொத ஓட்டம் மெதுவா, பாரமே இல்லாம. அடிக்கடி நிறுத்தி ஆறவிடுங்க. குண்டு கையைச் சுட்டா பல்லு போச்சு," என்று பாஸ் சொல்லியிருந்தார்.

ஜும்ஆ முடிந்து பளீல் போனபோது பட்டறையில் யாருமில்லை. லொறி மட்டும் வெளியே தயாராக நின்றது. கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். திங்கட்கிழமை முதல் ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலை. லொறி படுத்தால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

கெலிஓயாவில் ஆறவிட நிறுத்தினார். தோளில் குழந்தையோடு ஸக்கியா என்ற பெண் ஓடிவந்தாள்.

"நானா, புள்ளைக்குக் காய்ச்சல். கம்பளை ஆஸ்பத்திரிக்குப் போகணும். லொறி வெறுமையாத்தானே ஈக்குது?"

காய்ச்சல் குழந்தை என்ன பாரம்? முன்னால் ஏற்றிக்கொண்டார்.

இனி ஆளில்லாத இடத்தில்தான் நிறுத்துவது என்று முடிவு செய்தார். அப்படி நிறுத்திய இடத்தில், தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து கால் ஒடிந்த ஆட்டோடு வெளியே வந்தான் செல்லச்சாமி.

"ஆட்டுக்கு மட்டும் எடம் குடுங்க மொதலாளி. நாங்க நடந்து வந்துருவோம்."

"நாங்கன்னா?"

செடிகளுக்குள்ளிருந்து அவன் மனைவி, மாமியார், மச்சான், இரண்டு பலாப்பழங்கள் என்று வரிசையாக வெளியே வந்தன.

ஆட்டை ஏற்றிவிட்டு மாமியாரை நடக்க விடுவதா? பளீலே கை கொடுத்து எல்லோரையும் ஏற்றினார்.

மழை பிடித்தது. பின்னால் இருப்பவர்கள் நனையக்கூடாதென்று படங்குத் துணியை மேலே விரித்துக் கட்டினார். கூரையைக் கண்டதும் வழியில் நனைந்தவர்களெல்லாம் ஓடிவந்து ஏறினார்கள்.

"பாரம் கூடாதுங்க!" என்று கெஞ்சினார் பளீல்.

"சும்மா ஒதுங்கத்தான் ஏறினோம். மழை விட்டா எறங்கிருவோம்."

கம்பளை வரை மழை விடவில்லை.

அங்கே எல்லோரும் வாழ்த்திக்கொண்டே இறங்கினார்கள். "அல்லாஹ் ஒங்கள நல்லா வைப்பான் நானா," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள் ஸக்கியா. பளீல் லொறிக்கடியில் நுழைந்து குண்டைத் தொட்டார். கை சுட்டது.

லொறியைக் கண்டிக்கே திருப்பினார். இப்போதுதான் அது நிஜமாகவே வெறுமையாக இருந்தது.

பட்டறை வாசலில் அம்புறோஸின் மனைவி பெற்றீசியா நின்றாள். "அவரு இன்னும் கோயில்லதான். என்ன நானா, மொகம் வாடியிருக்கு?"

"தங்கச்சி, பாஸ் சொன்ன பேச்ச நான் கேக்கல்ல. கம்பளை வரைக்கும் ஆள் ஏத்தி, புதுப் பல்லையெல்லாம் தேச்சுட்டேன். காய்ச்சல்காரப் புள்ளய ரோட்டுல விட மனசு வரல்ல. அவருக்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

பெற்றீசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எந்தப் புதுப் பல்லு நானா? இன்னைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவர ஆணியடிச்ச நாள், இரும்பத் தொடமாட்டேன்னு, புதுசு பூட்ட நேரம் பத்தாம நேத்தே பழசையே திரும்பப் பூட்டி வெளிய தள்ளி வச்சாரு. புதுசு இன்னும் கட்டிலுக்கடியில இருக்கு!"