மனிதத் தோல் ஒரு டப்பா

நாற்பது வீரர்கள் கொண்ட ஒரு படையை முட்டை அட்டையில் வைத்து, மாநகரப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போருக்குப் போன ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் டேலிதான். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் திருவொற்றியூர் பக்கம் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

நான் அங்கே ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் பில் போடுகிறவன். டேலியின் வேலை, கன்டெய்னர் கதவைத் திறந்ததும் முன்னால் போய் நின்று, காகிதத்தில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு யார்டில் டேலி என்று பேர், அதுவே அவர் பெயராகிவிட்டது; அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உண்டு. காகிதத்தில் குடை என்று போட்டு உள்ளே குடைக்கம்பி மட்டும் இருந்தால் மனிதர் அன்றைக்குச் சோறு சாப்பிட மாட்டார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைத் திறந்து பார்த்து, "இது சாம்பார் இல்ல, ரசம். பேரு தப்பு" என்று சொல்லிச் சண்டையாகிவிட்ட கதையெல்லாம் உண்டு.

இப்படிப்பட்டவர் ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வீடு மாற்றி வந்த ஒருவரின் சாமான்களைப் பிரித்தார். ஒரு பெட்டியில் விரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி வீரர்கள். மந்திரவாதி, குள்ளன், ராட்சசன், பறக்கும் பாம்பு. சாமானுக்குச் சொந்தக்காரர் தாடி வைத்த இளைஞர். இதுகளை வாங்கி, சொந்தக் கையால் வண்ணம் தீட்டி, மேஜையில் பரப்பி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்களாம். எவன் எத்தனை அங்குலம் நகரலாம் என்பதை டேப் வைத்து அளப்பார்களாம். டேப் என்றதும் டேலி விழுந்துவிட்டார்.

ஆறே மாதத்தில் அவரும் ஒரு படை சேர்த்தார். சாப்பாட்டு இடைவேளையில் பூதக்கண்ணாடியும் மூன்று முடி பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுவார். அதைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட அபிப்பிராயங்கள். ஒன்றுக்கு வண்ணம் அடித்து முடிக்காமல் அடுத்ததை வாங்க மாட்டார். "பெயின்ட் அடிக்காம நூறு பொம்ம வெச்சினுகீறவன் படை வெச்சினு இல்ல. சரக்கு வெச்சினுகீறான்" என்பார். ராட்சசன்கள் எல்லாரையும் ஒரே பச்சையில் முக்கி எடுப்பது சோம்பேறித்தனம் என்பார். அவங்க வீட்டிலும் அண்ணன் தம்பி ஒரே நிறமாகவா இருப்பான் என்று என்னைக் கேட்பார், ஏதோ நான் ராட்சசக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் மாதிரி.

எங்களுக்கு டீ கொண்டுவருவது மேரியக்கா. ஆபீசைக் கூட்டிப் பெருக்குவதும் அவர்தான். நெட்டுக்குப்பத்துக்காரர். ஒருநாள் டீ கிளாஸை வைத்துவிட்டுப் படையில் இருந்த பெண்களைக் குனிந்து பார்த்தார். மார்புக்கு மட்டும் இரும்புக் கவசம், மற்றதெல்லாம் காற்றோட்டம்.

"இன்னா நைனா இது? சண்டைக்குப் போறவ வவுத்த தொறந்துபோட்டுகினா போவா? எதிராளி எங்க குத்துவானாம்?"

டேலி ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் ஒழுகும் குழாய்க்கு வைக்கிற பசையைப் பிசைந்து, அத்தனை வீராங்கனைகளுக்கும் முழு நைட்டி தைத்து, மேலே ஒரு துண்டும் போட்டுவிட்டார். கையில் வாள் அப்படியே இருந்தது. தண்ணி லாரி வரும் நேரத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படையின் பலம் புரியும்.

வினை வந்தது ஒரு பெயின்ட் டப்பா வடிவில். அதன் மேல் ஆங்கிலத்தில் 'மனிதத் தோல்' என்று எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே கொய்யாப்பழத்தின் உட்புறம் மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பு. டேலிக்கு மூச்சே நின்றுவிட்டது. சரக்கு வேறு, காகிதம் வேறு! ஆனாலும் நியாயஸ்தர், சோதிக்காமல் எழுத மாட்டார். ஆபீசில் இருந்த பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தி, முழங்கையில் ஆளுக்கு ஒரு சொட்டு வைத்தார். எனக்கு 'கருப்பட்டி, சேராது' என்று நோட்டில் எழுதினார். தன்னைச் சிவப்பு என்று நம்பிக்கொண்டிருந்த மேனேஜர் ரொம்ப கர்வமாகக் கையை நீட்டினார். அவருக்கும் சேரவில்லை. இரண்டு நாள் அவர் டேலியோடு பேசவில்லை.

அப்போது கிளாஸ் எடுக்க மேரியக்கா வந்தார். "அக்கா கையிலயும் வெச்சிப் பாரேன்" என்று ஒரு முட்டாள் சொன்னான். அந்த முட்டாள் நான்தான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேரியக்காவுக்கு வெண்புள்ளி உண்டு. கையிலும் முகத்திலும். அது தொற்றாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எங்களில் இரண்டு பேர் கிளாஸின் விளிம்பை மட்டும் பிடித்து வாங்குவார்கள். அவர் சித்திரை வெயிலிலும் சேலை மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். சொந்தத் தங்கச்சி கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு படத்தில்கூடக் கிடையாது.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, சட்டைக் கையைத் தானே சுருட்டி நீட்டினார். டேலி வெள்ளைப் பகுதியில் ஒரு சொட்டு வைத்தார். சொட்டு இருந்த இடம் தெரியவில்லை. அப்படியே சேர்ந்துவிட்டது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

டேலி மட்டும் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு நோட்டில் எழுதினார்: 'பன்னிரண்டு பேரில் ஒருவர். அதிலும் பாதி.' பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய படைக்குக் கடைசியாக வாங்கிய தலைவி மட்டும் அதுவரை வண்ணம் இல்லாமல் சாம்பல் பூச்சோடு நின்றாள்; எந்த நிறம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

"மேரிம்மா, எங்க தலைவிக்கு உன் மூஞ்சியப் போடட்டா?"

"வோணாம் நைனா. ஊர் பாக்குறது போதாதா?" என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டேலி அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தலைவிக்கு வேறு வண்ணமும் அடிக்கவில்லை.

அடையாறு பக்கம் ஒரு மாடி ஹாலில் போட்டி வந்தது. துணைக்கு நான் போனேன். ஆம்பளைங்க பொம்மை வைத்து என்னதான் பண்ணுகிறார்கள் என்று பார்க்க மேரியக்காவும் கிளம்பிவிட்டார். ஹால் முழுக்க இளைஞர்கள். எங்கள் நைட்டிப் படையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. காதில் கடுக்கன் போட்ட அமைப்பாளர் வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: தலைவி இல்லாத படை ஆட முடியாது, வண்ணம் இல்லாத பொம்மையும் ஆட முடியாது, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, ஏதாவது ஒரு தோல் நிறம் அடித்துவிடுங்கள் அங்கிள்.

"ஏதாவது ஒண்ணுன்னா எப்டி தம்பி? இவளுக்கு இன்னா கலருன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு ஒத்துக்கல. வேற அடிச்சா பொய்யி" என்றார் டேலி. சொல்லிவிட்டு ஒவ்வொரு வீரனாக எடுத்து முட்டை அட்டையில் திரும்ப வைக்க ஆரம்பித்தார். ஆறு மாத உழைப்பு. எனக்கு அழுகையே வந்தது.

ஏழெட்டுப் பேர் அட்டைக்குள் போயிருப்பார்கள். மேரியக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உக்காரு நைனா. நல்லாப் பாத்துக்கோ. அழகு கிழகு பண்ணாத. இருக்குற மாரியே போடு."

டேலி பிரஷ்ஷை எடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்ப்பதும் பூதக்கண்ணாடிக்குள் குனிவதுமாக இருந்தார். பல வருஷமாக அந்த முகத்தைத் தினமும் பார்ப்பதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய இடது புருவத்தில் பாதி வெள்ளை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டாவது சுற்றில் எதிராளியின் பறக்கும் பாம்பு எங்கள் தலைவியை முழுங்கிவிட்டது. "அதுக்குள்ளயா செத்துட்டேன்?" என்று மேரியக்கா எழுந்தேவிட்டார். பாம்பு வாய்க்கு நேராகக் கொண்டுபோய் எதற்கு நிறுத்தினாய் என்று டேலியைப் பிடித்து உலுக்கி எடுத்தார். எதிர்த்து ஆடிய பையன் பயந்துபோய்ப் பாம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். டேலி டேப்பைத் தலைகீழாகப் பிடித்து அளந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தப்பு, ஒப்புக்கொண்டார்.

ஆட்டம் போனதும் செத்த தலைவிக்கு உட்கார்ந்து வார்னிஷ் அடித்தார். அடித்து அக்கா கையில் கொடுத்தார். ஈரம் காயவில்லை. துணி பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, உள்ளங்கையை விரித்து அதில் அவளை நிற்க வைத்துக்கொண்டார். பாரிமுனையில் பஸ் மாறும்போதும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் அந்தக் கையைப் பார்த்தது. அக்கா இறக்கவில்லை.

கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அது கைல?"

"நான்தான்" என்றார் அக்கா.

அந்த பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றாலும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள் அல்லவா? டேலி சில்லறையை நீட்டி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "ரெண்டு ஜென்ட்ஸு, ரெண்டு லேடீஸு" என்றார்.

கண்டக்டர் உள்ளங்கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், நான்கு டிக்கெட் கொடுத்தார். அந்த இடத்திலேயே டேலியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. கூட்டத்தில் கையை எடுக்கத்தான் முடியவில்லை.