ஆம்லெட்டான ஆராய்ச்சி

விஞ்ஞானிகள் தங்கள் வெற்றிகளை ஆங்கிலத்தில் எழுதிவிடுவார்கள். அசடு வழிந்த கதைகளை எழுதத்தான் தாய்மொழி வேண்டியிருக்கிறது. இம்யூனாலஜி என்கிற நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்தவள் நான். கருத்தரங்க மேடைகளில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நான் பிடுங்கியதை இதுவரை எந்த மேடையிலும் யாரும் சொன்னதில்லை. வீட்டில் மட்டும் அதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பெங்களூரில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வில்லியனூர் பக்கத்துக் கிராமமான எங்கள் ஊரிலிருந்து படிக்கப் போன பெண்கள் டீச்சரானார்கள், நர்ஸானார்கள், கன்னியாஸ்திரியானார்கள். நான் என்ன ஆகப்போகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட பெரிய படிப்பு" என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தாள். (இதனால் நான் லீவுக்கு வந்தால் கோயில் தெருவே முட்டிவலியோடு வாசலில் நிற்கும்.)

என் ஆராய்ச்சிக்கு ஆன்டிபாடி தேவைப்பட்டது. ஒரு பிராணிக்கு அந்நியப் புரதம் எதையாவது ஊசியாகப் போட்டால், அதை எதிர்த்து அதன் உடம்பு தயாரித்துக்கொள்ளும் பொருள்தான் அது. வழக்கமாக முயலில் செய்வோம். அந்த வருடம் எங்கள் முயல்களுக்கு என்னவோ நோய் வந்து ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. (நோய் எதிர்ப்பு சக்தியை ஆராயும் இடத்தில் இப்படி நடந்ததை நாங்கள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.) கோழிக்கு ஊசி போட்டால் ஆன்டிபாடி முட்டையின் மஞ்சள் கருவில் வந்து சேரும், அதையும் முயன்று பார்க்கலாம் என்றார் பேராசிரியர். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள், எங்கள் வீட்டில் கோழி இருக்கிறது சார் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் பிளாஸ்கில் ஐஸ் வைத்து மருந்தைக் கொண்டுவந்து, அம்மாவின் கோழிகளில் நல்லதாக மூன்றைப் பிடித்து ஊசி போட்டேன். அடையாளத்துக்குக் காலில் நீலத் துணி கட்டினேன். பிறகு இன்னொரு முறை வந்து இரண்டாவது ஊசி. அப்பா இறந்தபின் அந்தக் கோழிகளும் கொஞ்சம் நிலமும்தான் அம்மாவுக்கு. இருந்தும் அவள் மறுக்கவில்லை. நீலத் துணிக்காரிகள் இட்ட முட்டைகளைத் தனியாக எடுத்து, ஈர மணல் பானையில் சேர்த்து வைத்தாள். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வந்து பார்த்தபோது பானை நிறைந்திருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் குறியெழுதி, மறுபடி மணலில் வைத்தேன். அன்று எனக்கு ராணி மாதிரி இருந்தது.

அதே வாரத்தில் பாகூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதை அம்மா கடைசி நிமிடத்தில்தான் சொன்னாள். முன்பே சொன்னால் நான் பெங்களூரிலேயே இருந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை அருள்தாஸ், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். பேர் சவரிநாதன் என்பதே பலருக்குத் தெரியாது, சொல்தா என்றால் பாகூர் முழுக்கத் தெரியும்.

வந்தார்கள். சொல்தா முதுகை வளைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கேசரி கொண்டுவந்து வைத்தாள். அவருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு தொடமாட்டார் என்று அவர் மனைவி சொன்னதும் அம்மாவின் முகம் வாடியது. அடுப்படியில் உதவிக்கு வந்திருந்த என் சித்தி அதைக் கேட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் ஆம்லெட் போட்டுவிடுகிறேன் என்றாள். நல்ல மனசு. நான் உள்ளறையில் புடவைக் கொசுவத்தோடு போராடிக்கொண்டிருந்ததால் இது எதுவும் என் காதில் விழவில்லை.

காபித் தட்டோடு அடுப்படியைத் தாண்டும்போது முட்டை ஓடுகளைப் பார்த்தேன். ஓட்டின் மேல் என் கையெழுத்து.

கூடத்தில் சொல்தா ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். காபியை நான் எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது (மாமியாரின் மடியில் என்று பிற்பாடு சொன்னார்கள்). நேரே போய் அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன்.

"முழுங்காதீங்க."

அவர் கன்னம் உப்பியபடி என்னைப் பார்த்தார். மாமியார் காபிக் கறையோடு எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். நிலைமையைச் சரிசெய்வதற்காக, அந்தக் கோழிகளுக்கு நான்தான் ஊசி போட்டேன் என்று விளக்கம் சொன்னேன். (தைரியம் சொல்வதில் எனக்கு எப்போதுமே தனித் திறமை.) மாமியார் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தார். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளைதான் எழுந்து என் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சாப்ட்டா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் ஏங்க புடுங்கினீங்க?"

"அது என்னோட பிஎச்.டி.," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெந்துபோனப்பறமும் அதுல உங்க மருந்து இருக்குமா?"

இருக்காது. சூடு பட்டால் அந்தப் புரதம் கெட்டுவிடும். அதைப் பரீட்சையில் எழுதி முதல் மார்க் வாங்கியவள் நான். வாணலியில் விழுந்த நொடியிலேயே என் ஆராய்ச்சி முடிந்துபோயிருந்தது. வெறும் ஆம்லெட்டுக்காகத்தான் ஒரு பட்டாளத்துக்காரரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"இருக்காது," என்றேன்.

"அப்ப தட்ட குடுத்துடுங்க. அப்பா பசி தாங்கமாட்டாரு."

கொடுத்தேன். சொல்தா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். மீதியையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். "நல்லாத்தான் கீது, உப்புதான் கம்மி," என்றார். பிறகு அவர்கள் கிளம்பிப் போனார்கள். தகவல் அனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

சித்தி என்னைவிட அதிகமாக அழுதாள். வீட்டு முட்டை தீர்ந்துபோயிருந்ததாம், பானையில் இருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்தாளாம், வந்தவர்கள் பசியாறட்டும் என்று தாராளமாக உடைத்தாளாம். ஓட்டில் எழுதியிருந்ததை முட்டை வாங்க வரும் வியாபாரி போட்ட கணக்கு என்று நினைத்தாளாம். மீதியை எடுக்கும் அவசரத்தில் பானையைச் சாய்த்தும்விட்டாள். முழுதாகத் தப்பியவை மிகக் கொஞ்சம். அம்மா யாரையும் திட்டவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா முந்தானையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தாள். அன்றைக்கு இட்ட முட்டை, சூடு ஆறவில்லை. ஓட்டில் பென்சிலால் தேதி எழுதியிருந்தது. அம்மாவுக்கு எண்கள் மட்டும்தான் எழுத வரும். கோணல்மாணலாக, ஓடு உடைந்துவிடுமோ என்று பயந்து எழுதியது தெரிந்தது.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போடி," என்றாள். "நீலத் துணிக்காரிங்க இன்னும் நிறுத்தல."

இருந்தேன். அதற்குள் ஒருநாள் சொல்தா தனியாகச் சைக்கிளில் வந்தார். தட்டைப் பிடுங்கும் அளவுக்கு அந்த முட்டையில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாராம். விளக்கினேன். வியட்நாமில் மலேரியாவோடு கிடந்ததைப் பற்றிச் சொன்னார். உன் முட்டை அதற்குக் கேட்குமா என்றார். கேட்காது, ஆனால் இது மாதிரிதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார்:

"பையன் இந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்றான். எனக்கும் சம்மதம். படிப்ப முடிக்கட்டும், நாங்க காத்துனு இருக்கோம்."

பெங்களூர் திரும்பியபின், கண்ணாடித் தகட்டில் பரப்பிய ஜெல்லில், அம்மா தேதி எழுதிய முட்டையின் ஆன்டிபாடி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக எழுந்தது. பிஎச்.டி. கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. (மாமியாருக்கு முகூர்த்தப் புடவையோடு இன்னொரு புடவையும் எடுத்துக் கொடுத்தோம், காபிக் கறைக்காக.)

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில், விட்டுக்கொடுக்க மனசில்லாத எதற்கும் ஒரே பெயர்தான். கடைசி வஞ்சிர மீன் துண்டு, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு, பாதி படித்த பேப்பர், எதைக் கேட்டாலும் "அது என்னோட பிஎச்.டி." என்பார்கள். படிப்புக்கு அப்படி ஒரு பட்டம் உண்டு என்பதையே என் பிள்ளைகள் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

சொல்தா மாமாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பேச்சு குறைந்துவிட்டது. யாரோ பார்க்க வந்தவர்கள் கொடுத்த கருப்பட்டி மிட்டாயைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். நர்ஸ் கண்டுபிடித்து எடுக்கப் போனபோது, அந்த மெலிந்த கையால் பொத்திக்கொண்டு, "அது என்னோட பிஎச்.டி.மா," என்றார்.

அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள். சார் எதில் பிஎச்.டி. பண்ணினார் என்று வராந்தாவில் என்னிடம் மரியாதையாகக் கேட்டாள்.

இம்யூனாலஜி என்றேன்.