கடைசி டிரிப்பும் செட்டிங்ஸ் ஆசாமியும்

எந்தப் பொருளைத் தொடுவதற்கு முன்னாலும் வலது கட்டைவிரலைச் சட்டை நுனியில் இரண்டு முறை துடைத்துக்கொள்வது விமல்ராஜின் பழக்கம். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறேன். அவன் எங்களுக்கு எதிர்வீடு. எங்கள் வீட்டுக்கு முதல் முதலாகப் பெரிய டிவி வந்த அன்று வந்தான், விரலைத் துடைத்தான், ரிமோட்டை வாங்கினான், படம் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதாகச் சொன்னான். அன்று முழுக்க நாங்கள் அந்த டிவியில் பார்த்தது ஒரு நீலக் கட்டத்தையும், அதற்குள் ஏறி இறங்கிய ஒரு கோட்டையும்தான்.

இந்த இனத்துக்குச் செட்டிங்ஸ் ஆசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். சோம்பேறி என்று மட்டும் அவரைச் சொல்லிவிடாதீர்கள். நாம் ஒரு வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போகும் நேரத்திலும் அவர் அந்த வேலைக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். நடைப்பயிற்சி என்றால் முதலில் செயலி, செயலிக்கு ஏற்ற கைக்கடிகாரம், கைக்கடிகாரத்துக்குள் அவருடைய உயரம், எடை, தூங்கும் நேரம், இதயத்துடிப்பு எந்த எண்ணைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்பது, அந்த மணி என்ன ராகத்தில் அடிக்க வேண்டும் என்பது என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து நிமிர்ந்து பார்க்கும்போது வெயில் ஏறியிருக்கும். நடந்தாரா? நாளைக்கு நடப்பார்.

விமல்ராஜிடம் இந்தக் குணம் முழு உயரத்துக்கு வளர்ந்தது அந்த ஆக்‌ஷன் கேமரா வந்த பிறகுதான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. தலையில் மாட்டலாம், வண்டியில் ஒட்டலாம், தண்ணீரில் முக்கலாம். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும் என்று மட்டும் அவர் சொல்லிக்கொடுத்தாராம். அந்தப் பொத்தானோடு அவர் இமயமலை வரை போய்வந்திருக்கிறார். விமல்ராஜுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

"பாவம் மணி, அந்தாளு ஒரு வருஷமா ஆட்டோ மோடுலயே வெச்சிருந்திருக்காரு" என்றான் என்னிடம்.

நானும் பாவம் என்றேன். ஆட்டோவில் வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எனக்குத் தெரியாது, இருந்தும் பாவம் என்றேன்.

பிறகு ஒரு மாதம் அவன் வாயில் வேறு பேச்சு இல்லை. நொடிக்கு இருபத்து நாலு படமா, முப்பதா, அறுபதா. வைடா, லீனியரா. ஆட்டத்தை அடக்கும் வசதியை முழுசாகப் போடுவதா, பாதி போடுவதா. காற்று இரைச்சலைக் குறைப்பதா, காற்றுக்கு உள்ள மரியாதையைக் கொடுத்து விட்டுவிடுவதா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவை நெஞ்சில் மாட்டிக்கொண்டு கிரிவலம் போனான். பதினான்கு கிலோமீட்டர். இந்திர லிங்கம் தாண்டும்வரை மெனுவுக்குள்ளேயே நடந்தான். திரும்பி வந்து காட்டினான். நீண்ட நேரத்தைச் சுருக்கிக் காட்டும் டைம்லாப்ஸ் என்ற முறையில் பதிவாகியிருந்ததால், மலையைச் சுற்றிய மொத்த நடையும் பத்தொன்பது நொடியில் முடிந்துவிட்டது. அதிலும் பதினைந்து நொடிக்கு யாரோ ஒரு பெரியவரின் முதுகுத் துண்டு.

"குவாலிட்டி பாத்தியா?" என்றான். துண்டின் நூல்கூடத் தெரிந்தது. அதை மறுக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் என் அப்பா ஓய்வு பெறும் நாள் வந்தது.

அப்பா, அப்பாசாமி, அரசுப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தோரு வருஷ வேலை. அதில் கடைசி பத்தொன்பது வருஷமும் கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ். கடைசி நாளன்று ஓட்டுநர்களுக்கு மாலை போடுவதும், அவர்கள் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவதும், அதை யாராவது படம் பிடித்துப் போடுவதும் இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்பாவுக்கு மாலையில் ஆசை இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும்போது ஊருக்கு ஆறேழு கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அதுவரை பக்கத்து ஜன்னல்களில் வந்துகொண்டிருக்கும் மலை, அந்த வளைவு திரும்பியதும் முன்கண்ணாடிக்கு நட்டநடுவில் வந்து நிற்குமாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால்தான் அப்படி. பின்னால் உட்காருகிறவர்களுக்குக் கம்பியும் தலையும்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாலு முறை அதைத் தனியாகவே பார்த்திருக்கிறார். அன்றைய கடைசி டிரிப்பில் அது வீடியோவில் வர வேண்டும் என்றார்.

"உங்கம்மாவுக்குக் காட்டணும். வாயால சொன்னா இன்னா புரியுது?"

அப்பா தனக்கென்று எதையாவது கேட்டு நான் பார்த்ததில்லை. கேமரா உள்ளவன் எதிர்வீட்டிலேயே இருக்கிறான். வேறு யாரைக் கூப்பிடுவோம்?

மாலை நாலு பத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் பஸ் எடுக்க வேண்டும். நானும் அம்மாவும் அதிலேயே வருவதாக ஏற்பாடு. விமல்ராஜ் மூன்றரைக்கே வந்துவிட்டான். இதை அவனுக்காகச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் வளையக்கூடிய ஒரு கம்பியை மாட்டி, அவர் தோளுக்கு மேலாக ரோடு தெரியும்படி கேமராவை வைத்தான். இடம் அருமையான இடம். பிறகு விரலைத் துடைத்தான்.

மூன்று நாற்பதுக்கு அப்பாவை ஒருமுறை ஏறி உட்காரச் சொன்னான். மூன்று ஐம்பத்தைந்துக்கு, இப்போது லீனியர் போட்டிருப்பதாகச் சொல்லி இறங்கி ஏறச் சொன்னான். நாலு ஐந்துக்கு, வைடே பரவாயில்லை என்று மறுபடி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூட அப்பா இத்தனை முறை ஏறியிருக்க மாட்டார். கண்டக்டர் பக்ருதீன் அண்ணன் விசிலை வாயில் வைத்தபடி நின்றிருந்தார்.

"ஏம்பா, ராக்கெட்டு விடுறவன்கூட பத்துலருந்துதான் எண்ணுவான். நீ எத்தினிலருந்து எண்ற?" என்றார்.

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். விமல்ராஜ் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு உண்மையான சிக்கல் வந்திருந்தது. அவனுக்குப் பிடித்த உயர்ந்த தரத்தில் எடுத்தால் கார்டில் நாற்பது நிமிஷம்தான் பிடிக்கும். பயணமோ, நிறுத்தங்களோடு சேர்த்து, ஐம்பது நிமிஷம். தரத்தை ஒரு படி கம்மி பண்ணியிருந்தால் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். ஆனால் ஒரு செட்டிங்ஸ் ஆசாமியிடம் போய்த் தரத்தைக் கம்மி பண்ணு என்று சொல்லிப் பாருங்கள். சைவச் சாப்பாட்டுக் கடையில் ஆம்லெட் கேட்டதுபோல் பார்ப்பார்.

மெனுவில் இன்னும் ஆழமாக இறங்கினான். முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தான்.

"மணி, லூப் போட்டுடட்டுமா? கார்டு ரொம்பவே ரொம்பாது."

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தவள் நான். இந்தக் குடும்பத்தில் இவளுக்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று அரசாங்கமே முத்திரை வைத்துக் கொடுத்தது. அது கைக்கு வந்த நாள் முதல், எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் இருக்கக் கூடாது என்பது எப்படியோ சட்டமாகிவிட்டது. பேங்க் ஃபாரமா, மணியைக் கேள். மாத்திரைச் சீட்டா, மணியைக் கேள். கரண்ட் பில் ஏன் ஜாஸ்தி? மணியைக் கேள். நானும் சொல்லிவிடுவேன். தெரியாத இடத்தில் தலையை மெதுவாக ஆட்டுவேன். மெதுவாக ஆட்டினால் யோசித்து ஆட்டியதுபோல் இருக்கும்.

பஸ்ஸில் முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி நாலு பதினாலு. மெதுவாகத் தலையை ஆட்டினேன்.

"போடு."

முப்பத்தோரு வருஷத்தில் காரணமில்லாமல் ஒரு நிமிஷம் தாமதமாக வண்டி எடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்ளும் என் அப்பா, கடைசி டிரிப்பை நாலு நிமிஷம் தாமதமாக எடுத்தார்.

டிரிப் நன்றாகவே நடந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது கைகொடுத்தார்கள். ஒரு அம்மா காகிதத்தில் பொட்டலம் கட்டிய வேர்க்கடலையைக் கொடுத்துவிட்டு இறங்கினார். வளைவு வந்தபோது அப்பா திரும்பாமலேயே, "இதான்" என்றார். நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தோம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

டெப்போவில் மாலை, கைதட்டல், மைசூர்பாகு. அதற்குள் விமல்ராஜைச் சுற்றி நாலைந்து இளம் மெக்கானிக்குகள் கூடிவிட்டார்கள். கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அதை நிறுத்தாமலேயே, ஒவ்வொரு மோடாக அவர்களுக்கு விளக்கினான். அவனுடைய வாழ்க்கையின் நல்ல அரை மணி நேரங்களில் அது ஒன்று.

அன்று சாயங்காலமே வீட்டு டிவியில் போட்டோம். பக்ருதீன் அண்ணனும் வந்திருந்தார். அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். படம் ஓடியது. முதலில் விமல்ராஜின் தாடை. பிறகு மூக்குத் துவாரம். காற்று இரைச்சலை எப்போது குறைக்க வேண்டும் என்று மூக்கு விளக்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம். படம் முடிந்தது.

வேறு எதுவும் இல்லை. கார்டை எடுத்துப் போட்டான், எடுத்துப் போட்டான். பிறகு அவன் கை நின்றுவிட்டது. "லூப்ல..." என்றான்.

"லூப்னா இன்னாப்பா?" என்று கேட்டார் அப்பா.

எட்டாவதோடு நின்ற மனுஷன், ஒரு கூச்சமும் இல்லாமல் கேட்டார். நான் நாலு பதினாலுக்குக் கேட்டிருக்க வேண்டியதை.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி பழசு மேலயே புதுசு எழுதிக்கும் மாமா" என்றான் விமல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு. "கார்டு ரொம்பாம இருக்கறதுக்கு."

"ரொம்பலதான்" என்றார் பக்ருதீன் அண்ணன். "அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னார். விமல்ராஜின் காதுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒரு பஸ்ஸின் முன்பக்கம். அதன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு காக்கிச் சட்டை. எறும்பு அளவு.

"அது நான்தான்" என்றார் அப்பா.

"வைட்ல இருக்கு மாமா. லீனியர்ல போட்டிருந்தா கொஞ்சம்..." என்று ஆரம்பித்த விமல்ராஜ் பாதியில் நிறுத்திக்கொண்டான். செட்டிங்ஸ் பற்றிய ஒரு வாக்கியத்தை அவன் முடிக்காமல் விட்டது அன்றுதான்.

அம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு இதான்னு சொன்னப்போ எழுந்து எட்டிப் பாத்திருக்கலாம். வீடியோவுல பாத்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."

அன்று அவன், மணிதான் போடச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிப் பழி என் பக்கம் வந்திருக்கும். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

அழிந்த படத்தை மீட்டுவிடலாம், அதற்கென்று மென்பொருள் இருக்கிறது என்று போகும்போது அப்பாவிடம் வாக்குக் கொடுத்தான். எட்டு மாதமாகிறது. நாலு மென்பொருள்களை இறக்கி, எது சிறந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். போன வாரம் பஸ் ஸ்டாண்டு அருகே என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினான்.

"மணி, டீப் ஸ்கேன் போட்டுப் பாக்கட்டுமா?"

தலை தானாக ஆடப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

"அப்படின்னா இன்னா விமல்?"

ஹெல்மெட்டைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

"கரெக்டா தெரியல" என்றான்.

ஆக, பன்னிரண்டு வருஷமாக எதிரெதிர் வீட்டில் இரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அவன் தெரிந்த மாதிரி கேட்டான், நான் தெரிந்த மாதிரி பதில் சொன்னேன்.

நீங்கள் இதுவரை விமல்ராஜைப் பார்த்துத்தான் சிரித்துவந்தீர்கள் என்று நினைக்கிறேன். சிரியுங்கள். ஆனால் வைடு, லீனியர் என்று நான் எழுதிக்கொண்டே போனேனே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கேயும் சொல்லவில்லையே, நீங்கள் ஏன் நிறுத்தவில்லை? தலையை ஆட்டிக்கொண்டே கடந்து வந்தீர்களா? மெதுவாகத்தானே ஆட்டினீர்கள்? அப்படியென்றால் உங்கள் பக்கத்தில் யாராவது விரலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது அந்தப் பஸ்ஸில் பயணியாகக்கூட ஏறுவதில்லை. அம்மா இன்னும் அந்த வளைவைப் பார்க்கவில்லை. விமல்ராஜ் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. கேட்டால், கார்டு தன்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சொல்கிறான்.