கடைசியாகச் சேர்ந்த டிஸ்க்

சோம்பேறிகள் வேலை செய்யமாட்டார்கள் என்பது பொய். ஐந்து நிமிட வேலையிலிருந்து தப்பிக்க ஒரு வாரம் உழைப்பார்கள். நான் அந்த ரகம்.

பாகூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துவந்தேன். அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரும் சாஃப்ட்வேர் (சிரிக்காதீர்கள், இன்னும் நேரமிருக்கிறது). அதைச் சோதிக்க நிஜ டிஸ்க் தேவையில்லை. பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி, "இதுதான் டிஸ்க்" என்று கம்ப்யூட்டரை நம்பவைத்தால் போதும். தினமும் கையால் செய்ய அலுத்து, அதற்கொரு ஸ்கிரிப்ட் எழுதினேன். போலி டிஸ்க்கை உருவாக்கும், இணைக்கும், அடியோடு துடைக்கும், பிறகு படங்களால் நிரப்பும். எதைத் துடைப்பது? கடைசியாகச் சேர்ந்த டிஸ்க்கை. கேள்வியே கேட்காது (கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமே). நிரப்பக் கைக்குக் கிடைத்த படம், என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிஷேகப்பாக்கத்திலிருந்து அக்கா தன் மாமியாரைக் கூட்டிவந்தாள். அத்தை, அக்கா கல்யாணத்தன்று கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஒரே மகன் தாலி கட்டியதைப் பார்க்காதவர். மாதக்கணக்கில் இழுத்தடித்த ஸ்டுடியோக்காரர் அப்போதுதான் வீடியோவைப் பென் டிரைவில் கொடுத்திருந்தார். தன்னிடமிருந்ததை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கும் போய்விட்டார்.

ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். வீடியோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அக்கா பென் டிரைவை என் லேப்டாப்பில் செருகியிருக்கிறாள். திரையில் ஏதோ எழுத்துகள் ஓடின, பென் டிரைவில் விளக்கு மினுக்கியது. நல்லபடியாக ஓடுகிறது என்று நினைத்தாளாம். நல்லபடியாகத்தான் ஓடியது.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும் பென் டிரைவ் டிவிக்குப் போனது. முதலில் நான், இரண்டு காதும் தெரிய. அடுத்தும் நான். அதற்கடுத்தும்.

அத்தை மரியாதை தெரிந்தவர். கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, முழுக்கத் தங்கச்சியாவே வருது? எங்க புள்ள எப்ப வருவான்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி பண்ணித் தொலைச்ச?"

லேப்டாப்பைத் தூக்கி வந்து எங்கள் சாஃப்ட்வேரையே ஓடவிட்டேன். மீட்க எதுவுமில்லை என்றது. சரியான பதில். டெஸ்ட் பாஸ்.

"வுடும்மா, எனக்குக் குடுத்து வெக்கல" என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதற்கு என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

மறுவருடம் என் கல்யாணம். என் கழுத்தில் தாலி ஏறியதும் அப்பா மைக்கைப் பிடித்தார்: "பந்திக்கு ஓடாதீங்கப்பா, இன்னொரு ஜோடி இருக்குது." எங்களை ஓரமாக நிற்கவைத்து, அக்காவும் மாமாவும் மணவறையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து எழுந்து அத்தை கை நிறைய அட்சதை போட்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று என் மாமியார் இன்றும் நம்புகிறார்.

அந்த வீடியோ இருக்கும் பென் டிரைவ் அக்கா வீட்டு பீரோவில் பூட்டில் இருக்கிறது. என் கல்யாணத்தைப் பார்க்க நான் அபிஷேகப்பாக்கத்துக்கு பஸ் ஏற வேண்டும். வாசலிலேயே அத்தை என் பையைத் தடவிப் பார்ப்பார்.

"லேப்டாப் எடுத்தாரலியே? அப்ப உள்ள வா."